ரகசியம் காக்கப் பழக்கிய பிள்ளைகள்

ஆரணியில் ஒரு பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் ஊருக்கே தெரியும். மண்டப வாசலில் ஃபிளெக்ஸ் வைப்பார்கள். நடுவில் பட்டுப் பாவாடையில் அவள் படம். சுற்றிலும் தாய்மாமன்கள், சித்தப்பாக்கள், அண்ணன்மார்கள், அவர்களுக்குப் பிடித்த தலைவர், நடிகர். மேளம் முழங்க சீர்வரிசைத் தட்டுகள் தெருவைக் கடக்கும். பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளை. சிலருக்குப் பத்திலேயே நடந்துவிடுகிறது. அந்த வாரம் முழுக்க அவள் உடம்பில் நடந்ததை வைத்துத்தான் வீட்டில் விருந்து. அவளிடம் உட்கார்ந்து அது என்ன என்று சொன்னவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? 'இனிமே பசங்களோட சேர்ந்து ஆடாதே' என்ற ஒற்றை வரியோடு பெரும்பாலான வீடுகளில் பாடம் முடிந்துவிடுகிறது.

அரசின் கணக்கும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய 'புது யுகம்' திட்டத்தில் இலவச நாப்கின் பெறும் வயது 10 முதல் 19. அதாவது, ஐந்தாம் வகுப்பிலேயே அது தேவைப்படலாம் என்று சுகாதாரத் துறைக்குத் தெரியும். வளரிளம் பருவத்தை விரிவாகச் சொல்லும் அறிவியல் பாடமோ எட்டாம் வகுப்பில் வருகிறது. பொருள் முதலில், விளக்கம் மூன்று வருடம் கழித்து. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதையே வேறு விதமாகச் சொன்னது. உத்தரப் பிரதேசத்துச் சிறுவன் ஒருவன் தொடர்பான வழக்கில், பாலியல் கல்வியை ஒன்பதாம் வகுப்பு வரை தள்ளிப்போடாமல் இளம் வயதிலிருந்தே தர வேண்டும் என்று நீதிபதிகள் சஞ்சய் குமார், அலோக் அராதே அமர்வு கருத்துத் தெரிவித்தது.

இளம் வயது என்றால் எது? ஒன்றாம் வகுப்பு என்றால் பலருக்குத் தூக்கிவாரிப் போடும். 'அ, ஆ எழுதவே வராத பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?' என்று கேட்பவர்கள் எல்லாரும் பிற்போக்காளர்கள் இல்லை. பாலியல் கல்வி என்ற சொல்லைக் கேட்டதும் அவர்கள் மனதில் எழும் காட்சி தவறு, அவ்வளவுதான். அந்தக் காட்சியை அரசியலும் ஊதிப் பெரிதாக்கியிருக்கிறது. வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007இல் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்கள் வேண்டாம் என்று ஒதுக்கின. 2009இல் வெங்கய்ய நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளியில் பாலியல் கல்வியே கூடாது என்றது. இத்தனைக்கும் அவர்கள் பேசியது பதின்ம வயதினருக்கான பாடத்தைப் பற்றி. ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில் ஆண்-பெண் உறவுக்கு இடமே இல்லை. உடம்பின் உறுப்புகளுக்குப் பெயர், கழிப்பறை போனால் எப்படிக் கழுவுவது, எந்த இடம் அடுத்தவர் பார்க்கவும் தொடவும் கூடாதது, டாக்டர் பார்க்கும்போது அம்மா ஏன் பக்கத்தில் இருக்கிறாள், சிநேகிதன் அடித்தால், கேலி செய்தால் என்ன செய்வது, யாரிடம் போய்ச் சொல்வது. இதுதான் பாடத்திட்டம். யுனெஸ்கோவின் 2018 வழிகாட்டியில் ஐந்திலிருந்து எட்டு வயதுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. இங்கிலாந்து 2020 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் உறவுகள் கல்வியைக் கட்டாயமாக்கியபோது, பாலியல் கல்வியை அந்த வயதில் கட்டாயமாக்கவில்லை. வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோர் அந்தப் பகுதியிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ள உரிமையும் தந்தது. அதற்கு முந்தைய ஆண்டே பர்மிங்காமில் பள்ளி வாசலில் பெற்றோர் போராட்டம் நடந்தது. எதிர்ப்பு நமக்கு மட்டுமே உரிய சொத்து இல்லை.

ஆனால், இங்கிலாந்துப் பாடத்தை அப்படியே மொழிபெயர்த்து ஆரணி வட்டாரப் பள்ளியில் நடத்தினால் அது ஒட்டாது. ஏன் ஒட்டாது என்பதை ஒரு தறி வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் புரியும்.

ஊருக்குள்ளும் தேவிகாபுரம், ஒண்ணுபுரம் பக்கத்துக் கிராமங்களிலும் பட்டுத்தறி என்பது வீட்டின் ஒரு பகுதி. முன்னறையில் குழித்தறி, அதன் மேல் ஜக்கார்டு பெட்டி, ஓரமாக ராட்டையில் தார் சுற்றும் பாட்டி, பின்னால் அடுப்படி. பிள்ளை பள்ளி விட்டு வந்தால் தறிச் சத்தத்துக்கு நடுவில்தான் வீட்டுப்பாடம். அந்த வீட்டுக் கதவு பகலில் சாத்தியிருக்காது. பட்டும் ஜரிகையும் கொடுக்க, நெய்த சேலையை வாங்கிப் போக முதலாளி வீட்டு ஆள் வருவார். புதுப் பாவு வந்தால் பழைய இழையோடு ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுப் பிணைக்க ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். ஜக்கார்டு மக்கர் செய்தால் சரிபார்க்க இன்னொருவர். கோர்வைச் சேலை என்றால் கரைக்கு நாடா தள்ள நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் வேண்டும். ஒரு காலத்தில் அந்த ஆள் பெரும்பாலும் பள்ளிக்குப் போகாத சிறுவன் அல்லது சிறுமி. குழந்தைத் தொழிலாளர் சட்டங்களும் பள்ளிகளும் சேர்ந்து அந்த நிலையைப் பெரிதும் மாற்றியிருக்கின்றன. ஆனால் பிள்ளை வளரும் அறை அதே அறைதான். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் பிள்ளைக்கு மாமா, அண்ணன், சித்தப்பா, தாத்தா. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதுகில் ஒன்று விழும்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பத்துப் பேர் கண்ணில் படும்படி பிள்ளை வளர்வது ஒரு பாதுகாப்புதான்; நகரத்து அடுக்ககத்தில் பூட்டிய கதவுக்குள் தனியாகக் கிடக்கும் பிள்ளைக்கு அது கிடையாது. ஆனால், 'தெரியாதவங்க மிட்டாய் கொடுத்தா வாங்காதே' என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவரும் பாடம் இந்த வீட்டில் செல்லாது. இங்கே தெரியாதவர் என்று யாருமே இல்லை. போக்சோ வழக்குகளில் குற்றம்சாட்டப்பட்டவர்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர்கள் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்லிவருகிறது. உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர், சில வேளை ஆசிரியரே.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. தாய்மாமனும் மாமன் மகனும் முறைக்காரர்களாக இருக்கும் சமூகம் நம்முடையது. ஆறு வயதுப் பெண் பிள்ளையிடம் பெரியவர் ஒருவர், 'என்னைக் கட்டிக்கிறியாடி?' என்று கேட்பார். கன்னத்தைக் கிள்ளுவார். பிள்ளை வெட்கப்பட்டோ மிரண்டோ அம்மா சேலைக்குப் பின்னால் ஒளிந்தால் சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். அம்மாவே முன்னால் தள்ளிவிடுவாள்: 'மாமாதானே, ஒரு முத்தம் குடு போ.' கேட்பவரிடம் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் இருக்கலாம், பெரும்பாலும் இருக்காது. ஆனால் பிள்ளை அங்கே ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: பெரியவர்கள் கேட்டால் என் உடம்பைக் கொடுக்க வேண்டும், எனக்குப் பிடிக்காததைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். பையன்களுக்கு வேறு விதம். குளித்துவிட்டு அம்மணமாக ஓடுகிறவனைப் பிடித்து வைத்துக்கொண்டு 'ஷேம் ஷேம்' என்று கத்துவது, 'காட்டு பார்க்கலாம்' என்று கேட்பது. யாரும் இதைத் தப்பாக நினைப்பதில்லை. பையனாயிற்றே!

பையன்தானே என்ற அந்த அலட்சியத்துக்கு ஒரு கணக்குப் பதில் உண்டு. ஒன்றிய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை 2007இல் வெளியிட்டது. ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53.22 சதவீதம், அவர்களில் 52.94 சதவீதம் பேர் பையன்கள். லேசான சீண்டல் முதல் கொடிய வன்முறை வரை எல்லாவற்றையும் சேர்த்த கணக்கு இது என்பதை மறந்துவிடக் கூடாது. அந்தப் 13 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அதிக ஆபத்தில் இருப்பது ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகள் என்று அதே ஆய்வு சொல்லியதை எந்த மாநிலமும் தனக்குப் பொருந்தாது என்று தள்ளிவிட முடியாது. நம் ஐந்தாண்டுத் தொடக்கக் கல்வி முழுவதும் அந்த வயதுக்குள் அடங்கிவிடுகிறது.

தமிழ்நாடு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. நல்ல தொடுதல், தவறான தொடுதல் என்ற பாடம் தொடக்க வகுப்பிலேயே வந்துவிட்டது. 2021இல் கோவையிலும் கரூரிலும் மாணவிகள் உயிரை மாய்த்துக்கொண்ட துயரங்களுக்குப் பிறகு 1098, 14417 என்ற உதவி எண்கள் பாடநூல்களில் ஏறின. நவம்பர் 15 முதல் 22 வரை விழிப்புணர்வு வாரம். 'மாணவர் மனசு' என்று பள்ளிகளில் பெட்டி. எல்லாம் நல்ல எண்ணத்தில் செய்தவை. ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எதை எழுதிப் பெட்டியில் போடும்? வீட்டில் இருக்கும் ஒரே போனும் அப்பா சட்டைப் பையில் இருக்கும்போது எந்த எண்ணுக்கு அழைக்கும்? நவம்பரில் ஒரு நாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உறுதிமொழி எடுத்து, பதாகை பிடித்து, புகைப்படம் எடுத்து மேலதிகாரிக்கு அனுப்பியாகிவிட்டால் அந்த ஆண்டுக்கான பாலியல் பாதுகாப்பு முடிந்தது என்று ஆகிவிடுகிறது.

தொடுதல் பாடத்தைப் பற்றியும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தவறான தொடுதல் என்றால் வலிக்கும், பயமாக இருக்கும், அருவருப்பாக இருக்கும் என்று பிள்ளைக்குச் சொல்கிறோம். ஆனால், தவறு செய்கிறவர்கள் எடுத்தவுடன் வலிக்கச் செய்வதில்லை. முதலில் போனில் கேம் விளையாடக் கொடுப்பார்கள், தோளில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவார்கள், கூச்சம் காட்டிச் சிரிக்க வைப்பார்கள். பிள்ளைக்கு அது பிடித்திருக்கவும் கூடும். பிடித்திருந்தால் அது 'நல்ல தொடுதல்' தானே? பிறகு எல்லை தாண்டும்போது, நானும்தானே சிரித்தேன் என்ற குற்ற உணர்ச்சியில் வாய் அடைத்துப் போகும். இந்தக் குழப்பத்தில் சிக்காத ஓர் அடையாளம் இருக்கிறது. தவறு செய்கிறவர் கடைசியில் ஏதாவது ஒரு வடிவத்தில் சொல்லியே தீர வேண்டிய வாக்கியம் அது: 'இதை அம்மாகிட்ட சொல்லாதே.'

எனவே தொடக்கப் பள்ளியில் முதலில் கற்பிக்க வேண்டியது ரகசியத்தைப் பற்றித்தான் என்பது என் கருத்து. பிறந்தநாளுக்கு வாங்கிய பரிசை மறைத்து வைப்பது ஒரு ரகசியம்; இரண்டு நாளில் எல்லாருக்கும் தெரிந்துவிடும், எல்லாரும் மகிழ்வார்கள். எப்போதுமே சொல்லக் கூடாது, சொன்னால் அடிப்பேன், சொன்னால் அம்மா அழுவாள் என்று ஒருவர் சொன்னால் அது காக்கக் கூடாத ரகசியம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும். இதற்கு உடம்பு வரைபடம்கூடத் தேவையில்லை. எந்தப் பெற்றோரும் ஆட்சேபிக்கவும் மாட்டார்கள். ஆனால் இதைக் கற்பிக்க நாமும் ஒன்றை விட்டாக வேண்டும். அப்பாவுக்குத் தெரியாமல் வாங்கிய கடன், முதலாளிக்குத் தெரியாமல் வேறு இடத்தில் பிடித்த முன்பணம், பாட்டிக்குத் தெரியாமல் வாங்கித் தின்ற பரோட்டா என்று எல்லாவற்றுக்கும் பிள்ளையிடம் 'யார்கிட்டயும் சொல்லக் கூடாது' என்று சத்தியம் வாங்குவது நம் வீடுகளில் சகஜம். பிள்ளைகள் ரகசியம் காப்பதில் நன்றாகவே தேறியிருக்கிறார்கள்.

அடுத்தது பெயர். மூக்கு, முழங்கால், முழங்கை என்று ஒன்றாம் வகுப்பில் தொட்டுக் காட்டிப் பாடும் பிள்ளைக்கு, ஜட்டி மறைக்கும் இடத்துக்கு மட்டும் வீட்டுக்கு வீடு வேறு செல்லப்பெயர்; சில வீடுகளில் 'அது'; சில வீடுகளில் அதுவும் இல்லை. இது வெறும் கூச்சப் பிரச்சினை என்றால் விட்டுவிடலாம். மூத்திரம் போகும் இடத்தில் எரிகிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை நாலு நாள் காய்ச்சலோடு டாக்டரிடம் போகிறது. கழிப்பறை அசுத்தமாக இருக்கிறது என்று தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு நீர்த்தொற்று வாங்கும் பெண் பிள்ளைகளைப் பற்றி எந்த அரசு மருத்துவமனை நர்ஸைக் கேட்டாலும் சொல்வார். மோசமானது ஏதாவது நடந்துவிட்டால், என்ன நடந்தது என்று அந்தப் பிள்ளைதான் போலீஸிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் நீதிமன்றத்திலும் சொல்ல வேண்டியிருக்கும். செல்லப்பெயரை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது? பிறப்புறுப்பு, ஆசனவாய், மார்பு என்ற சொற்கள் பாடநூலுக்குப் புதியவை இல்லை. தாமதமாக வருகின்றன, அவ்வளவுதான்.

இவ்வளவு சொல்லிக்கொடுத்தால் பலன் உண்டா? கொக்ரேன் அமைப்பு 2015இல், பல நாடுகளின் பள்ளிகளில் நடந்த 24 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது; அவற்றில் பங்கெடுத்தவர்கள் 5,802 பேர். பாடம் கேட்ட பிள்ளைகளுக்குத் தற்காப்பு அறிவு கூடியிருந்தது; பயமோ பதற்றமோ கூடியதற்குச் சான்று இல்லை. கவனிக்க வேண்டியது இன்னொன்று. பாடம் கேட்காத ஆயிரம் பிள்ளைகளில் நான்கு பேர் தங்களுக்கு நடந்ததை வெளியே சொன்னார்கள் என்றால், கேட்ட ஆயிரத்தில் பதினான்கு பேர் சொன்னார்கள். இந்தப் பாடங்களால் கொடுமை நடப்பதே குறைந்ததா என்பதை அந்த ஆய்வு நிறுவவில்லை. நிறுவ முடியாததும் இயல்புதான். எட்டு வயதுப் பிள்ளை நாற்பது வயது ஆளைத் தடுத்து நிறுத்திவிடும் என்று எதிர்பார்ப்பதே அநியாயம். பிள்ளை சொல்லும், தடுக்க வேண்டியவர்கள் பெரியவர்கள். இப்போது நடக்கும் விழிப்புணர்வு நிகழ்ச்சிகளில் எனக்கு உறுத்துவது இதுதான்: கத்து, ஓடு, சொல் என்று முழுப் பொறுப்பையும் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டு நாம் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

பதினான்கு பேர் சொன்ன பிறகு என்ன நடக்கும் என்பதில்தான் நம் ஊர்ப் பள்ளிகள் நடுங்குகின்றன. இரண்டு ஆசிரியர் மட்டுமே உள்ள ஒரு தொடக்கப் பள்ளியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை டீச்சரிடம் வந்து ஏதோ சொல்கிறது. சொல்லப்படுகிற ஆள் அதே தெருவில் செல்வாக்கானவர். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி டீச்சர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. தமக்குக் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை. தெரிவித்தாலோ, 'எங்க மானத்தை வாங்கிட்டீங்களே' என்று பிள்ளையின் வீட்டாரே பள்ளிக்கு வந்து சண்டை போடுவார்கள். மேலே சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே பேசி முடித்துவிடலாம் என்று சில தலைமை ஆசிரியர்கள் நினைப்பது இந்த இக்கட்டில்தான். அது குற்றம் என்பதில் மறுபேச்சு இல்லை. ஆனால் 'குற்றம், ஜாக்கிரதை' என்று சுற்றறிக்கை அனுப்புவது மட்டும் பயிற்சி ஆகாது.

வீட்டார் பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. வழக்கு என்றால் திருவண்ணாமலை சிறப்பு நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும். தறி நின்றால் கூலி இல்லை. முன்பணம் வாங்கியிருந்தால் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும். பிள்ளையைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. சட்டம் உண்மையில் அப்படிச் சொல்லவில்லை. பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை துணை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை அணியாமல் வந்து வாங்க வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெயரும் படமும் வெளியே வரக் கூடாது. ஓராண்டுக்குள் கூடுமானவரை விசாரணை முடிய வேண்டும். நடைமுறை பல இடங்களில் இதற்குப் பின்தங்கித்தான் இருக்கிறது. ஆனால் உரிமை என்ன என்று தெரிந்தால்தானே கேட்டு வாங்க முடியும்? ஆரணி அனைத்து மகளிர் காவல் நிலையத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி புடவையிலேயே வந்து இதை அம்மாக்களுக்கு எடுத்துச் சொன்னால், பத்துப் பதாகைகள் செய்யாததை அது செய்யும்.

எங்கே, எப்போது சொல்வது என்பதும் முக்கியம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்கள் பகல் நேரத்தில், தறி ஓடும் நேரத்தில் நடக்கின்றன; தறியை விட்டுவிட்டு வருகிறவர்கள் குறைவு. அமாவாசையன்று தறி போடாத வீடுகள் இன்னும் உண்டு. அன்றைக்குக் கூட்டினால் ஆண்களும் வருவார்கள். பாடம் வகுப்புக்குப் போவதற்கு முன்னால் பெற்றோர் அதைப் பார்த்துவிட வேண்டும். படங்களை, சொற்களை, எல்லாவற்றையும். மறைத்து நடத்தும் பாடத்துக்குத்தான் எதிர்ப்பு வலுக்கும். தமிழர்கள் இதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள் என்பதும் பொய். 2000களின் தொடக்கத்தில் எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத்தில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று சுவர் சுவராகக் கேட்டுச் சிரித்த மாநிலம் இது. விஜய் டி.வி.யில் டாக்டர் மாத்ருபூதம் இரவு நேரத்தில் பாலியல் சந்தேகங்களுக்குப் பதில் சொன்னபோது, கல்யாணமான ஆண்கள் கேட்ட கேள்விகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும், நாம் எவ்வளவு தெரியாமலேயே வளர்ந்திருக்கிறோம் என்று.

கேரள உயர் நீதிமன்றம் 2022இல், அமெரிக்காவின் எரின் சட்டத்தை எடுத்துக்காட்டி, பாலியல் கொடுமைத் தடுப்பைப் பாடத்திட்டத்திலேயே சேர்க்கச் சொன்னது. தமிழ்நாடு நீதிமன்றம் சொல்லும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகளில் மூன்றாவது விதி, வயதுக்கேற்ற பாடங்களை அரசு தயாரிக்க வேண்டும், குழந்தைகளோடு பழகும் பணியாளர்கள் எல்லாருக்கும், ஒப்பந்தப் பணியாளர் என்றாலும், அவ்வப்போது பயிற்சி தர வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. பள்ளி வேன் ஓட்டுநரும் காலை உணவு சமைக்கும் அக்காவும் இதில் அடக்கம். குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையைத் தடுக்கச் சென்னையில் 2004 முதல் இயங்கும் துளிர் அமைப்பிடம் தமிழ்ச் சூழலுக்கான அனுபவமும் இருக்கிறது.

ஆசிரியருக்கான பயிற்சியில் பெரும்பங்கு, பிள்ளை வாய் திறந்த முதல் ஐந்து நிமிடத்துக்குப் போக வேண்டும். முகம் சுளிக்காமல் கேட்பது, 'நிஜமாவா? பொய் சொல்லலையே?' என்று கேட்காமல் இருப்பது. நாலு டீச்சர்களைக் கூப்பிட்டு மறுபடி மறுபடி சொல்ல வைக்காமல் இருப்பது. 'நீ சொன்னது நல்லதும்மா, உன் மேல தப்பு இல்லை' என்று சொல்வது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காமல் இருப்பது. கடைசியில் சொன்னதுதான் கடினம். சட்டப்படி சொல்லியாக வேண்டியவர் அவர். பிள்ளை சொன்ன சொற்களிலேயே தேதியோடு எழுதி வைக்க வேண்டும். மாலை வீட்டுக்குப் போகும் முன் 1098க்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். சந்தேகிக்கப்படும் ஆள் வீட்டிலேயே இருக்கிறார் என்றால் பிள்ளையை அன்று எங்கே அனுப்புவது என்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்க வேண்டும். அந்த அலுவலரின் கைப்பேசி எண் எத்தனை டீச்சர்களின் போனில் இருக்கிறது? சனிக்கிழமை குறுவள மையப் பயிற்சியில் அரை நாள் இதற்கு ஒதுக்கி, எண்ணைப் பதிவுசெய்து கொடுத்து, ஒருமுறை நடித்துப் பார்க்கச் செய்யலாம். இதற்குப் புதிய அரசாணை எதுவும் தேவைப்படாது.